தமிழ்நாட்டில் பிரசவகால மரணங்கள் குறைந்தது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: தமிழ்நாட்டில் பிரசவத்தில் தாய் இறப்பதும், ஒரு வயதுக்குள் குழந்தை இறப்பதும் இந்த அளவுக்குக் குறைந்ததற்கு மக்களின் வசதி கூடியதும், ஊருக்கு ஊர் தனியார் மருத்துவமனைகள் வந்ததும்தானே காரணம்? அரசின் சுகாதாரத் திட்டங்களுக்கு இதில் உண்மையிலேயே பங்கு உண்டா? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகத் தொடங்கி, மாவட்ட அளவிலான பொறுப்புகள் வரை பொதுசுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதில் நீளமாக இருக்கும். இதைச் சுருக்கிச் சொன்னால் தவறாகவே போய்ச் சேரும்.

முதலில் எண்கள். பிரசவகால மரணம் என்பது ஒரு பெண் கருவுற்றிருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, அந்தக் கர்ப்பத்தோடு தொடர்புள்ள காரணத்தால் இறப்பதைக் குறிக்கும். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்று அதைக் கணக்கிடுகிறோம். மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறைப்படி, 2001-03 காலகட்டத்தில் தமிழ்நாட்டில் இந்த விகிதம் 134. 2018-20 காலகட்டத்தில் 54. குழந்தை இறப்பு விகிதம், அதாவது உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறப்போர் எண்ணிக்கை, 1971-இல் 113 ஆக இருந்தது. 2020-இல் 13 ஆனது. அகில இந்திய அளவில் 1971-இல் 129, 2020-இல் 28. ஆக, தொடக்கத்தில் நாட்டின் சராசரிக்கு ஓரளவு பக்கத்திலேயே இருந்த நாம், போகப் போக அதைவிட வேகமாக இறங்கியிருக்கிறோம். விளக்கம் தேவைப்படுவது இந்த வேகத்துக்குத்தான்.

வசதி கூடியதுதான் காரணம் என்றால், தனிநபர் வருமானத்தில் நமக்குக் குறையாத அரியானாவில் 2018-20 காலகட்டத்தில் பிரசவகால மரண விகிதம் 110 ஆக இருந்திருக்கக் கூடாது. பஞ்சாபில் 105 ஆக இருந்திருக்கக் கூடாது. மறுபக்கம் இலங்கையைப் பாருங்கள். அங்கே 1930களில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 2,000-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவுகள், கிராமந்தோறும் அமர்த்தப்பட்ட பயிற்சி பெற்ற மருத்துவமாதுகள், கட்டணமில்லா மருத்துவம், 1940களின் பிற்பகுதியில் மலேரியா ஒடுக்கப்பட்டது ஆகியவை சேர்ந்து, அந்த நாடு ஏழை நாடாக இருந்தபோதே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த எண்ணைப் பாதியாக்கிக்கொண்டே வந்தன. அதே இலங்கையில், அந்த ஏற்பாடு போய்ச் சேராத மலையகத் தோட்டங்களில், லயன் வீடுகள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்த நம் மக்களின் குழந்தைகள் நாட்டின் சராசரியைவிட மிக அதிகமாக இறந்துகொண்டிருந்தார்கள். 1974-இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களின் குழந்தை இறப்பு கடுமையாக உயர்ந்தது. ஒரே தீவு, ஒரே அரசு. மருத்துவமாது வீட்டுவாசலுக்கு வந்த இடத்துக்கும் வராத இடத்துக்கும் இருந்த வேறுபாடு அது. பணம் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் தானாக நடந்துபோய் ஒரு கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பதில்லை.

பெண்கள் ஏன் இறந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் திட்டங்களைப் புரிந்துகொள்ள முடியாது. குழந்தை பிறந்த பிறகு கருப்பை சுருங்காமல் ஏற்படும் உதிரப்போக்கு, கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமும் அதன் முற்றிய நிலையான வலிப்பும், கிருமித்தொற்று, பிரசவம் தடைப்பட்டுக் கருப்பை கிழிதல், பாதுகாப்பற்ற கருக்கலைப்பு ஆகியவையே பெரும் காரணங்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ரத்தசோகை இருக்கும். சாதாரணமாக ஒரு பெண்ணால் தாங்கிக்கொள்ள முடிகிற ரத்த இழப்பு, ஏழு கிராம் ஹீமோகுளோபினோடு பிரசவ அறைக்கு வரும் பெண்ணைக் கொன்றுவிடும்.

இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. கிருமித்தொற்றில் இறக்கச் சராசரியாக ஆறு நாட்கள் ஆகும். தடைப்பட்ட பிரசவத்தில் மூன்று நாட்கள். வலிப்பில் இரண்டு நாட்கள். குழந்தை பிறந்த பிறகான உதிரப்போக்கில் இரண்டே மணி நேரம். மகப்பேறு சார்ந்த பொதுசுகாதாரம் முழுவதும் இந்தக் கடிகாரங்களோடு போட்டியிடுவதுதான் என்று என் முதல் அதிகாரி சொல்வார். 1994-இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே மூன்று தாமதங்களாகப் பிரித்துச் சொன்னார்கள்: ஆபத்தை உணர்ந்து கிளம்ப முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போய்ச் சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதல் தாமதத்துக்கு மட்டும் குடும்பத்தைக் குறை சொல்லிப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு, மூன்றாவது தாமதம் எங்கள் சொந்த வீட்டுக்குள் இருக்கிறது என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

இன்னொரு பழைய நம்பிக்கையும் உடைய வேண்டியிருந்தது. ஆபத்தான கர்ப்பிணிகளை முன்கூட்டியே அடையாளம் கண்டு அவர்களை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும், மற்றவர்களுக்கு ஊர் மருத்துவச்சிக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு புது பிளேடும் சுத்தமான நூலும் சோப்பும் அடங்கிய பையைக் கையில் கொடுத்தால் போதும் என்று 1970, 80களில் நினைத்தோம். மருத்துவச்சிகள் அன்பானவர்கள், அனுபவசாலிகள். அந்தப் பயிற்சியால் தொற்று ஓரளவு குறைந்ததும் உண்மை. ஆனால் உதிரப்போக்கு யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. எந்தக் குறையும் இல்லாத, தலைச்சனைச் சுகமாகப் பெற்றெடுத்த பெண்ணுக்கும் இரண்டாவது பிரசவத்தில் அது வரலாம். எனவே ஒவ்வொரு பிரசவமும் பயிற்சி பெற்ற செவிலியர் கையில் நடக்க வேண்டும், ஒவ்வொரு பிரசவ அறையும் ரத்தமும் அறுவைசிகிச்சையும் கிடைக்கும் ஓர் இடத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு உலகமும் வந்தது, நாமும் வந்தோம்.

அந்த முடிவை நிறைவேற்ற நம்மிடம் ஏற்கனவே ஓர் அடித்தளம் இருந்தது. 1939-ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பொதுசுகாதாரச் சட்டமும், மருத்துவமனைகளை நடத்தும் துறையிலிருந்து தனியாக நோய்த்தடுப்பை மட்டுமே பார்க்கும் ஒரு பொதுசுகாதாரத் துறையும் இங்கே நெடுங்காலமாக இருக்கின்றன. பல மாநிலங்களில் இந்த இரண்டாவது கை கிடையாது. அந்தக் கையின் விரல் நுனிதான் கிராம சுகாதார செவிலியர். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர். மக்களுக்கு அவர் "நர்சம்மா".

அவர் ஏன் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டார்கள். அங்கிருந்த மருத்துவர் ஆண் என்பதால் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் அந்த இரவுக்குப் பிறகுதான் மருத்துவம் படிக்க முடிவு செய்தார். வேலூர் மருத்துவமனை அப்படி உருவானது.

நர்சம்மாவின் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த வேலையின் நுணுக்கம் தெரியும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் அது நீளவாக்கில் திறக்கும், ஓரம் கிழிந்து பசைத்தாள் ஒட்டிய ஒரு பெரிய நோட்டு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு வரி. கடைசி மாதவிலக்குத் தேதி, எதிர்பார்க்கும் தேதி, எடை, ரத்த அழுத்தம், ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை. ஹீமோகுளோபின் பார்க்க சாலி முறை. ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் அமிலத்தோடு ரத்தத்தைக் கலந்து, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். நிறம் ஒத்துப்போகும் இடத்தில் குழாயில் உள்ள கோடுதான் விடை. காலை வெயிலில் பத்து கிராம் என்று வரும் ரத்தம், மாலை மங்கலில் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் பதினொன்றாகிவிடும். அந்த ஒரு கிராமில் ஒரு பெண் ஆபத்துப் பட்டியலிலிருந்து நழுவிவிடுவாள். பிற்காலத்தில் கருவிகள் வந்து இது மாறியது. ஆனால் அதுவரை கண்ணை நம்பியே லட்சக்கணக்கான பெண்களை நாங்கள் எடை போட்டோம்.

இன்னொரு நழுவல் நம் வழக்கத்திலேயே இருந்தது. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். புகுந்த ஊரில் ஏழு மாதம் பார்த்த நர்சம்மாவின் பதிவேட்டில் "தாய்வீடு சென்றார்" என்று ஒரு குறிப்பு விழும். பிறந்த ஊரின் நர்சம்மாவுக்கு அந்தப் பெண் வந்ததே தெரியாது. தெரிந்தாலும் முன்பு என்ன பார்க்கப்பட்டது என்று தெரியாது. மிக ஆபத்தான கடைசி எட்டு வாரங்களில் அவள் யாருடைய பொறுப்பிலும் இல்லை. இரண்டு பதிவேடுகளுக்கும் இடையில் இறந்துபோன பெண்களை எனக்குத் தெரியும். பின்னாளில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கணினியில் ஓர் எண் கொடுத்து, அவர் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் அந்த எண் தொடர்ந்து போகும்படி 'பிக்மி' என்ற பதிவு முறையைத் தமிழ்நாடு கொண்டுவந்ததை, வெறும் கணினிமயமாக்கல் என்று நினைப்பவர்கள் இந்தத் தாய்வீட்டுச் சிக்கலை அறியாதவர்கள்.

கர்ப்பிணியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. நள்ளிரவில் வலி எடுத்தால் போக ஓர் இடம் வேண்டும். ஒரு காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மதியத்தோடு பூட்டப்படும். 1999 முதல் படிப்படியாக, மூன்று செவிலியர்களை முறை வைத்து அமர்த்தி, அவற்றை 24 மணி நேரப் பிரசவ நிலையங்களாக மாற்றினார்கள். கேட்கும்போது இது சாதாரண நிர்வாக மாற்றம் போலத்தான் தோன்றும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு விளக்கு எரிகிறது, உள்ளே ஒரு பெண் செவிலியர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கை ஊருக்கு வந்த பிறகுதான் வீட்டுப் பிரசவம் உடைந்தது. 2004-இல் பிரசவ அறைக்குள் ஒரு பெண் உறவினர் கூட இருக்கலாம் என்று அனுமதித்ததும் இதே வகையைச் சேர்ந்தது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பெண்கள் வருவார்கள். தனியே கதவடைத்துக் கத்த வைத்தால் வரமாட்டார்கள். தேசிய குடும்பநல ஆய்வின்படி 2005-06-இல் 88 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவம், 2019-21-இல் 99.6 சதவீதமானது.

அதற்குள் மருந்தும் இருக்க வேண்டும். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பற்றி மகப்பேறு பேசும் இடங்களில் யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட வேண்டிய மருந்து. வெயிலில் கிடந்தால் தண்ணீருக்குச் சமம். வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் மிக மலிவானது. ஆனால் தேவைப்படும் நிமிடத்தில் அலமாரியில் இருக்க வேண்டும். மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, தேவையானதை அவர்களே எடுத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு பல தாய்மார்களின் உயிரைச் சத்தமில்லாமல் காத்திருக்கிறது.

நிதியுதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை மாகாணச் சட்டமேலவையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவி, முதலில் சில நூறு ரூபாய்தான். 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 என உயர்ந்தது. கூலி வேலைக்குப் போகும் பெண் கடைசி மாதங்களில் வெயிலில் களை பறிக்காமல் இருக்கவும், பிள்ளை பெற்ற பின் சில வாரம் படுத்திருக்கவும் ஈடாகத் தரப்படும் பணம் இது. இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே என்ற நிபந்தனையோடு எனக்கு என்றுமே உடன்பாடு இல்லை. மூன்றாவது குழந்தையைச் சுமக்கும் பெண்தான் பெரும்பாலும் மிக ஏழை, மிகுந்த ரத்தசோகை உள்ளவள். அவளை வெளியே நிறுத்துவது குடும்பக் கட்டுப்பாட்டின் தர்க்கம். உயிர் காப்பதன் தர்க்கம் அது இல்லை.

அடுத்து மேல்நிலைச் சிகிச்சை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறுவைசிகிச்சை முடியாது, எனவே அனுப்ப வேண்டும். எங்கே? 2000களில் மாவட்டம்தோறும் குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர், ரத்தம் நான்கும் 24 மணி நேரமும் இருக்கும்படி 'சீமாங்' மையங்களாக ஆக்கினார்கள். இன்று அவை நூற்றுக்கும் மேல். மயக்க மருத்துவர் கிடைக்காத இடங்களில் பொது மருத்துவர்களுக்குக் குறுகியகாலப் பயிற்சி கொடுத்தார்கள். தனியார் நிபுணர்களை அழைப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து வரவழைத்தார்கள். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தபோது இரண்டாவது தாமதம் பாதியானது. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் அது இன்னும் பாதியாகவே நிற்கிறது. சாலை முடியும் இடத்தில் ஆம்புலன்ஸும் முடிந்துவிடுகிறது. தேதி நெருங்கியதும் முன்கூட்டியே இறங்கி வந்து தங்க மலையடிவார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் கட்டியது நல்ல யோசனை. வீட்டில் மற்றப் பிள்ளைகளையும் ஆட்டையும் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அந்த அறையால் பதில் சொல்ல முடியவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, எது மிக முக்கியம் என்று கேட்டால் நான் வேறொன்றைச் சொல்வேன். ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியாக எடுத்து, ஏன் நடந்தது என்று கேட்கத் தொடங்கியதைத்தான் சொல்வேன். 1990களின் நடுவில் எல்லா மரணங்களையும் உடனடியாகத் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. 2004-இலிருந்து ஒவ்வொன்றையும் ஆய்வு செய்வது கட்டாயமானது. இங்கிலாந்தில் 1952 முதல் இப்படி ஓர் இரகசிய விசாரணை முறை இருக்கிறது. இலங்கையில் 1950களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டார்கள். கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பே 2004 முதல் நடத்துகிறது. நம் முறையில் ஒரு தனித்தன்மை உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் கூட்டத்துக்கு இறந்த பெண்ணின் குடும்பத்தையே அழைத்து உட்கார வைக்கிறோம்.

அப்படி ஒரு கூட்டம் எனக்கு மறக்கவில்லை. பிரசவம் ஒரு சிறு நிலையத்தில் சுகமாக முடிந்து, அரை மணி நேரத்தில் உதிரப்போக்கு. முதலில் அனுப்பிய மருத்துவமனையில் ரத்தம் இல்லை. அடுத்த மருத்துவமனையை அடைவதற்குள் உயிர் போய்விட்டது. நோயாளிக் குறிப்பேட்டில், "ரத்தம் ஏற்பாடு செய்ய உறவினர்கள் தாமதித்தனர்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. மேசையின் மறுபக்கம் அந்தப் பெண்ணின் அம்மா, மகளின் தாய்சேய் அட்டையை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்சியர், "நீங்க சொல்லுங்கம்மா, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு சீட்டக் குடுத்து, வெளியில போயி ரத்தம் வாங்கிட்டு வாங்கன்னாங்கய்யா. மணி ரெண்டு. அந்த ஊரு எனக்குத் தெரியாது. எந்தத் தெருவுல போயி நான் ரத்தம் கேப்பேன்?"

அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. குறிப்பேட்டில் உறவினர்களின் தாமதமாக இருந்தது, அந்த அம்மாவின் வாயிலிருந்து வந்தபோது எங்கள் தாமதமாகிவிட்டது. விசாரித்தபோது, ரத்தம் சேமிக்கும் குளிர்பதனப் பெட்டி அந்த மருத்துவமனைக்கு மாதக்கணக்கில் முன்பே வந்து, உரிமத்துக்கான விண்ணப்பம் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்ததால், அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்தது தெரிந்தது. அடுத்த மாதம் அது இயங்கியது. யாரும் தண்டிக்கப்படவில்லை. அதுதான் இந்த முறையின் முதல் விதி. தண்டனை என்றால் மரணங்கள் மறைக்கப்படும், மறைக்கப்பட்டால் காரணம் தெரியாது. அந்த அம்மாவுக்கு இது நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெட்டியால் பிறகு பிழைத்தவர்களின் பெயரைச் சொல்லி அவரைத் தேற்ற முடியாது.

இப்படி ஒரு மாவட்டத்தில் மாதம் நான்கைந்து மரணங்களை வருடக்கணக்காகப் பிரித்துப் பார்த்ததில்தான், எங்கே ரத்தம் வேண்டும், எந்த மருத்துவமனையில் இரவில் மயக்க மருத்துவர் இல்லை, எந்தச் சாலையில் ஆம்புலன்ஸ் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தெரியவந்தது. முன்பு சொன்ன பல திட்டங்களின் வடிவம் இந்த மேசையில் பிறந்ததே. ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: கணக்கெடுப்பு சரியாகத் தொடங்கியதும் பதிவான மரணங்களின் எண்ணிக்கை முதலில் கூடியது. அதைக் கண்டு பயந்து அறிக்கையைச் சுருட்டிவைக்காத அதிகாரிகள் இருந்தது நம் நல்லூழ்.

எண்ணுவதன் பலன் குழந்தைகள் விஷயத்திலும் தெரிந்தது. சேலம், தருமபுரி மாவட்டங்களிலும் உசிலம்பட்டிப் பக்கமும் பெண் சிசுக்கள் கள்ளிப்பால் கொடுத்துக் கொல்லப்பட்டதை நாடே பேசியது; 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஆனால் அது எந்தெந்த ஊர்களில், எவ்வளவு என்பதைக் காட்டியது ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகள். குழந்தை இறப்புக்கான காரணக் கட்டத்தில் நர்சம்மாக்கள் "சமூகக் காரணம்" என்று எழுதியிருந்தார்கள். வெளிப்படையாக எழுதினால் ஊரில் நடமாட முடியாது; எழுதாமல் விட மனம் வரவில்லை. அந்த இரண்டு சொற்களைத் தொகுத்துப் பார்த்த பிறகுதான் எந்த ஒன்றியங்களில் வேலை செய்ய வேண்டும் என்பது தெளிவானது. 1990களின் இறுதியில் தருமபுரியில் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராக நாடகம் போட்டது அதைத் தொடர்ந்துதான்.

மற்றபடி குழந்தை இறப்பு குறைந்த கதை இரண்டு பகுதிகளாக நடந்தது. முதல் பகுதி ஓரளவு எளிது: தடுப்பூசி, உப்புச்சர்க்கரைக் கரைசல், அங்கன்வாடி சத்துமாவு. துருப்பிடித்த கத்தியால் தொப்புள்கொடி அறுத்து, பிறந்த ஒன்றிரண்டு வாரங்களில் குழந்தை வில்லாக வளைந்து இறக்கும் ரணஜன்னியை இன்றைய இளம் மருத்துவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். தாய்க்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் அதை ஒழித்தன. 2015-இல் இந்தியாவே அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இரண்டாவது பகுதி கடினமானது. இன்று இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் 28 நாட்களில், அதிலும் முதல் வாரத்தில் இறக்கிறார்கள்: குறைப்பிரசவம், எடைக்குறைவு, பிறந்தவுடன் மூச்சுத்திணறல், கிருமித்தொற்று. இவர்களுக்குப் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவு வேண்டும். ஆனால் கருவிகள் மட்டுமே வேண்டும் என்றில்லை. ஒன்றரைக் கிலோ குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைக்கும் கங்காரு முறை, 1978-இல் கொலம்பியாவில், கருவிகள் போதாத ஒரு மருத்துவமனையில் பிறந்தது. பிறந்த முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுப்பதும் இப்படித்தான். நம் வீடுகளில் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரில் விரல் தொட்டுக் குழந்தையின் நாக்கில் சேனை வைப்பது ஆசீர்வாதம். அந்த அன்பை அவமதிக்காமல், "பாட்டி, மொத சேனை அம்மா பாலா இருக்கட்டும்" என்று சொல்லி விரலைத் தடுக்கத் தெரிந்த செவிலியர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எந்தச் சுவரொட்டியும் செய்யாத வேலை அது.

அரசு அல்லாத காரணங்களும் உண்டு. பெண்கள் பள்ளிக்குப் போனதும், திருமண வயது தள்ளிப்போனதும், ஐந்தாறு பிள்ளைகள் என்ற நிலை மாறி ஒன்றிரண்டு என்றானதும் இறப்புகளைக் குறைத்தன. பிரசவங்கள் குறைந்தால் இறப்புகளின் எண்ணிக்கை தானாகவே குறையும். ஆனால் ஒரு லட்சம் பிரசவத்துக்கு எத்தனை என்ற விகிதம் அப்படித் தானாகக் குறையாது. அது குறைய, நடக்கும் ஒவ்வொரு பிரசவமும் பாதுகாப்பானதாக வேண்டும்.

நாம் நிற்கும் இடத்தில் திருப்தி அடைய எனக்கு மனமில்லை. பிரசவகால மரண விகிதத்தில் 2018-20-இல் நாம் 54 என்று நின்றபோது கேரளம் 19-இல் இருந்தது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நம் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வைவிட இது அதிகம். மாத்திரை கொடுத்தோம் என்று பதிவேடு சொல்கிறது. மாத்திரை குமட்டுகிறது என்று தலையணைக்கடியில் வைத்தவளிடம் யாரும் கேட்கவில்லை. அதே ஆய்வில், பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64 சதவீதம். கேள்வியில் சொல்லப்பட்ட தனியார் மருத்துவமனைகளின் பங்களிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் தேவையற்ற அறுவைசிகிச்சை அடுத்த பிரசவத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தைக் கொண்டுவருகிறது, அந்த உதிரப்போக்கோடு அந்தப் பெண் கடைசியில் வந்து சேருவது அரசு மருத்துவமனைக்குத்தான். மரணங்களின் முகமும் மாறிவிட்டது. உதிரப்போக்கு குறையக் குறைய, இதயநோய் போன்றவை மேலே வருகின்றன. சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சலில் வால்வு சுருங்கி, அது தெரியாமலே திருமணமாகி, கர்ப்பத்தின் சுமையில் மூச்சு முட்டும் பெண்ணை "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இதற்கு இருதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். பழைய முறை மட்டும் போதாது.

இன்னொன்று, பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெற்றி என்று எழுதிவிடுகிறோம். வலிப்பும் தொற்றும் இதயச் செயலிழப்பும் அதற்குப் பிறகும் வரும். இன்றைக்கும் நான் ஏதாவது ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போக நேர்ந்தால் முதலில் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். குழந்தை பிறந்த மூன்றாம் நாளிலிருந்து 42-ஆம் நாள் வரைக்குமான கட்டங்களில் ஒவ்வொரு முறையும் கருவி கட்டிப் பார்த்த ரத்த அழுத்த எண் இருக்கிறதா, அல்லது எல்லாக் கட்டங்களிலும் ஒரே மையில், ஒரே சாய்வில், 120/80 என்று வரிசையாக இறங்குகிறதா என்று பார்ப்பேன்.